பெட்டி எதைக் கேட்கிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சின்னதுதான். யாரோ ஒருவர் தம் கையாலேயே ஒரு ஜோடி ஸ்பீக்கர் பெட்டி செய்கிறார். பல வருஷம் அதில் பாட்டுக் கேட்கிறார். பிறகு அந்தப் பெட்டி கைமாறிக் கைமாறி நம்மிடம் வருகிறது. உள்ளே ஸ்பீக்கர் இல்லை. ஓட்டைதான் இருக்கிறது. அந்த ஓட்டைக்கு ஏற்ற பழைய ஸ்பீக்கர் எது? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்டுபிடித்ததை எப்படி நம்புவது?

ஒரு சொல்லை முதலிலேயே பிரித்து வைத்துவிடுகிறேன். மரப்பெட்டியும் அதற்குள் இருப்பவையும் சேர்ந்த முழுச் சாமானையும் நாம் ஸ்பீக்கர் என்கிறோம். காந்தமும் காயிலும் கோனும் கொண்ட அந்த ஓர் உறுப்பையும் ஸ்பீக்கர் என்றே சொல்கிறோம். மேல்நாட்டார் இந்த உறுப்பை 'டிரைவர்' என்பார்கள். நம் ஊரில் டிரைவர் என்றால் பஸ் ஓட்டுகிறவர். ஆகவே இன்று மாலை முழுவதும் மரத்தால் ஆனது 'பெட்டி', அதில் பொருத்துவது 'ஸ்பீக்கர்' என்றே வைத்துக்கொள்வோம்.

வடக்கு இங்கிலாந்தில், யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் உலகத்துக்கெல்லாம் கம்பளித் துணி அனுப்பிய ஊர். அங்கே 14 வருஷம் வேலை பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்துத் தெருவில் ஒரு மூதாட்டி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். வாசலில் நாற்காலி, மேஜை, கண்ணாடிச் சாமான்கள். அவற்றோடு இரண்டு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றும் என் மார்பு உயரம். ஒன்றின் தலையில் பூந்தொட்டி இருந்து, தண்ணீர் சிந்திச் சிந்தி, வால்நட் மரத்தின் மேல் வட்டமாக ஒரு வெள்ளைத் தழும்பு. முன்பலகையில் பெட்டிக்கு மூன்று ஓட்டைகள்.

"என் கணவர் செய்தது. கல்யாணமான மூன்றாவது குளிர்காலம் முழுக்க அவருக்கு இதே வேலைதான். உள்ளே இருந்ததையெல்லாம் மகன் என்றைக்கோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்" என்றார் அந்த அம்மையார். 20 பவுண்டு கொடுத்தேன். ஒரு பெட்டியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அன்று இரவு நான் ஒரு தவறு செய்தேன். பழைய ஸ்பீக்கர்களில் எது பேர்பெற்றது, எதை எல்லோரும் புகழ்கிறார்கள், எது என் காசுக்கு அகப்படும் என்று தேட உட்கார்ந்தேன். பெட்டியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரும்பாலோர் செய்கிற தவறும் இதுதான். நாம் ஸ்பீக்கரைத் தேடுகிறோம். பெட்டியை விசாரிப்பதில்லை.

நண்பர்களே, மிருதங்கம் செய்கிறவரிடம் போய், "நல்ல தோல் ஒன்று கொடுங்கள், எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் நான் கட்டிக்கொள்கிறேன்" என்று சொல்ல முடியுமா? எந்தக் கட்டை, எத்தனை அங்குல வாய், என்ன சுருதி என்று அவர் திருப்பிக் கேட்க மாட்டாரா? தோலும் கட்டையும் சேர்ந்துதானே மிருதங்கம்! ஸ்பீக்கரும் அப்படித்தான். பெட்டி வெறும் தாங்கி அல்ல. பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு வாத்தியம். அந்தக் காற்றோடு எந்தக் கோன் இசைந்து நடக்கும் என்பதை, பெட்டி செய்தவர் ஓர் இரவு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். அந்த முடிவு இன்னும் அந்த மரத்துக்குள் இருக்கிறது. ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: பெட்டியைக் கேளுங்கள். முதலில் பெட்டியைக் கேளுங்கள்.

சரி, இந்தப் பெட்டிகளையெல்லாம் யார் செய்தார்கள்? ஏன் செய்தார்கள்?

இன்று நாம் அறிந்த கோன் ஸ்பீக்கருக்கு வயது ஏறக்குறைய 100. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் 1925-இல் அதன் இலக்கணத்தை வகுத்தார்கள். அடுத்த ஏழு வருஷத்தில், பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இல்க்லி என்ற சிற்றூரில், ஜவுளி வியாபாரத்தில் இருந்த கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் தம் வீட்டு நிலவறையில் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கினார். ஆண்டு 1932. ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் வார்ஃப். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரையே தம் தொழிலுக்கு வைத்தார்: வார்ஃப்டேல். உலகம் முழுவதும் அறிந்த அந்தப் பெயர் ஒரு வீட்டு நிலவறையில் பிறந்தது!

பிரிக்ஸ் ஸ்பீக்கரை விற்றதோடு நிற்கவில்லை. 1948-இல் ஒலிபெருக்கிகளைப் பற்றிச் சாதாரண மனிதருக்குப் புரியும்படி ஒரு புத்தகம் எழுதினார். 1954-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், மேடையில் இசைக்கலைஞர்களை வாசிக்கச் செய்து, உடனே அதன் பதிவையும் தம் ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டு, இரண்டையும் அவையோரையே ஒப்பிடச் சொன்னார். இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே காய்ந்த மணலை நிரப்பினால் பலகை அதிராது என்று காட்டியவரும் அவரே. செங்கல்லால் அறை மூலையில் ஸ்பீக்கர் பெட்டி கட்டலாம் என்றுகூடச் சொன்னார், கட்டியும் காட்டினார்.

போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில், கடையில் முழுதாக வாங்குவது பலருக்கு எட்டாத விலை. மரம் அறுக்கக் கை இருந்தது. 'வயர்லெஸ் வேர்ல்டு' போன்ற பத்திரிகைகள் பெட்டியின் வரைபடங்களை அளவோடு அச்சிட்டன. வார்ஃப்டேல், குட்மன்ஸ், கெஃப் போன்ற கம்பெனிகள் ஸ்பீக்கரை மட்டும் தனியாக விற்று, அதற்கான பெட்டியின் அளவையும் கொடுத்தன. ஆயிரக்கணக்கான வீட்டு நிலவறைகளில், கார் ஷெட்டுகளில், ஆசிரியர்களும் தபால்காரர்களும் ரயில்வே ஊழியர்களும் மரம் அறுத்தார்கள். அவர்கள் எவர் பெயரும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் செய்த பெட்டிகள்தாம் இன்று வாரச் சந்தைகளுக்கு வருகின்றன.

இப்போது பெட்டியிடம் போவோம். பெட்டியை எப்படிக் கேட்பது?

முதலில் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓட்டைக்குள் பாருங்கள். பெட்டி எங்கும் மூடியிருக்கிறதா? ஸ்பீக்கர் ஓட்டையைத் தவிரத் தனியாக ஒரு துளையோ குழாயோ இருக்கிறதா? உள்ளே குறுக்குப் பலகைகள் மடங்கி மடங்கிப் போகின்றனவா? பின்பலகையே இல்லையா? இந்த நான்கு கேள்விகளிலேயே பாதி விடை வந்துவிடும்.

துளை இருந்தால் அது கடத்தின் உறவு. கடத்துக்கு ஒரு வயிறு, ஒரு வாய். உள்ளிருக்கும் காற்று சுருள்வில்லைப் போல அமுங்கி விரிகிறது, வாயில் இருக்கும் காற்று எடையைப் போல முன்னும் பின்னும் ஆடுகிறது. அதனால்தான் வித்துவான் கடத்தின் வாயைத் தம் வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் நாதத்தை மாற்றுகிறார். ஆல்பர்ட் துராஸ் என்பவர் பெல் ஆய்வகத்தில் இதே தத்துவத்தை ஸ்பீக்கர் பெட்டிக்குக் கொண்டுவந்து 1932-இல் காப்புரிமை பெற்றார். துளையுள்ள பெட்டிக்கு வலுவான காந்தமும் கட்டுக்கோப்பான கோனும் வேண்டும். தளர்ந்த கோனை அதில் வைத்தால் தவில் வாசித்தாலும் பானையைத் தட்டுவது போலக் கேட்கும்.

எங்கும் மூடிய சின்னப் பெட்டி என்றால் கதை வேறு. அமெரிக்காவில் எட்கர் வில்சூர் 1954-இல் 'ஏஆர்-1' என்ற ஸ்பீக்கரைக் கொண்டுவந்தார். உள்ளே அடைபட்ட காற்றே சுருள்வில்லாக இருக்கட்டும், கோனைத் தளர்வாகத் தொங்கவிடுவோம் என்பது அவர் யோசனை. அந்த வகைப் பெட்டிக்கு மிகவும் இளகிய, தாழ்ந்த சுருதியுள்ள ஸ்பீக்கர் வேண்டும். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த விறைப்பான ஸ்பீக்கரை அதில் வைத்தால் கீழ்ச்சுருதி வரவே வராது. அந்த ரேடியோ ஸ்பீக்கருக்கு ஏற்ற இடம் பின்பலகை இல்லாத திறந்த பெட்டிதான்.

என் பெட்டிக்குள் டார்ச் அடித்தபோது என்ன தெரிந்தது? ஒன்றுமே தெரியவில்லை! வெண்மையும் பழுப்புமாகக் கற்றை கற்றையாக ஏதோ அடைத்திருந்தது. கையை விட்டு ஒரு கொத்து இழுத்தேன். நீளநீளமான இழை. மூக்கருகே கொண்டுபோனேன். ஆட்டு மயிர் வாசனை. கம்பளி! அதை விலக்கிவிட்டுப் பார்த்தால், உள்ளே பலகைகள் மேலும் கீழுமாக மடங்கி, நீண்டதொரு பாதையாகப் போய், பெட்டியின் அடியில் வெளியே திறக்கின்றன.

அந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏன் தெரியுமா? பிராட்ஃபோர்டிலேயே ஆசிரியராக இருந்த ஆர்தர் பெய்லி என்பவர் 1965-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் ஒரு பெட்டியை விளக்கியிருந்தார். கோனின் பின்புறத்து ஒலியை நீண்ட மடிப்புப் பாதையில் அனுப்பி, நீள இழைக் கம்பளியால் அதை உறிஞ்ச வைப்பது அவர் முறை. ட்ரான்ஸ்மிஷன் லைன் என்பார்கள். கம்பளி ஊரில் பிறந்த கம்பளிப் பெட்டி! அந்த ஊர்க்காரர் ஒருவர் அந்த வழியில் செய்த பெட்டி, அதே ஊரில், பூந்தொட்டியைத் தாங்கிக்கொண்டு, என் வரவுக்காக நின்றிருக்கிறது.

ஆனாலும் நான் முழுதாகக் கேட்கவில்லை. பெரிய ஓட்டை வட்டமாக இல்லை, நீண்டு இருந்தது. அளந்தேன். 13 அங்குலத்துக்கு 8 அங்குல நீள்வட்ட ஸ்பீக்கர் என்று முடிவு கட்டினேன். அந்தக் காலத்து வீட்டுப் பெட்டிக்காரர்கள் இஎம்ஐ கம்பெனியின் 13-க்கு 8 நீள்வட்ட ஸ்பீக்கரை விரும்பி வாங்கினார்கள், அது உண்மை. ஒரு விற்பனையாளரிடமிருந்து ஜோடி வாங்கினேன். "நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியிருந்தார். வந்து பார்த்தால் ஒன்றின் காயில் இறுகிப்போய்க் கோன் அசையவே இல்லை. இன்னொன்றைப் பெட்டியில் வைத்தேன். நடுவில் பொருந்துகிறது, நான்கு தோள்பட்டையிலும் ஓட்டை வெளியே தெரிகிறது. அதை ப்ளைவுட் துண்டால் அடைத்து, திருகி, ஒலிக்கவிட்டேன். பாட்டு வந்தது. கீழ்ச்சுருதி வரவில்லை. அளந்து பார்த்ததில் அதன் இயல்புச் சுருதி 50 ஹெர்ட்ஸுக்கு மேலே நின்றது. அவ்வளவு நீண்ட பாதைக்கு அது போதவே போதாது.

அந்த நான்கு தோள்பட்டை இடைவெளிகள்தாம் பெட்டி எனக்குச் சொன்ன பதில். நீள்வட்டம் என்றால் முட்டையைப் போல வளைந்துகொண்டே போகும். இந்த ஓட்டையின் பக்கங்களோ நேராக ஓடி, இரண்டு முனையில் மட்டும் அரைவட்டமாகத் திரும்புகின்றன. ஓட்டப்பந்தய மைதானத்தின் வடிவம். அந்த வடிவத்தில் அந்தக் காலத்தில் பேர்பெற்ற ஸ்பீக்கர் ஒன்றே ஒன்றுதான். கெண்ட் பகுதியின் மெய்ட்ஸ்டனில் ரேமண்ட் குக் 1961-இல் தொடங்கிய கெஃப் கம்பெனியின் பி139. அதன் கோன் கூம்பாகவே இருக்காது. இலேசான பாலிஸ்டைரீன் நுரையால் ஆன தட்டைப் பலகை. இயல்புச் சுருதி ஏறக்குறைய 25 ஹெர்ட்ஸ். இந்த வகை மடிப்புப் பெட்டிகளில் அதை வைக்காதவர் குறைவு. ஐஎம்எஃப் கம்பெனியின் பெரிய பெட்டிகளிலும் அதுவே இருந்தது. அதற்கு மேலே இருந்த 5 அங்குல ஓட்டை? அதே கெஃப்பின் பி110. பிபிசி வடிவமைத்த புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியில் இருந்ததும் அதுதான். எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சிறு ஓட்டை கொஞ்ச நாள் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் ஓட்டையைச் சுற்றி மரத்தில் பதிந்திருந்த வளையத் தடம் செலஸ்டியன் கம்பெனியின் எச்எஃப்1300 ட்வீட்டரின், அதாவது மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கரின், விளிம்போடு அச்சாகப் பொருந்தியது.

ஓட்டையின் வடிவம், பழைய திருகுத் துளைகள், மரத்தில் பதிந்த தடம், உள்ளே அடைத்திருக்கும் பொருள், அறுந்து தொங்கும் வயரின் நிறம், கெபாசிட்டரின் முதுகில் அச்சிட்ட எண். இத்தனையும் சாட்சிகள். எந்தச் சாட்சியையும் விசாரிக்காமல் விடாதீர்கள்! பெட்டியைக் கேளுங்கள்!

இப்போது ஒருவர் கேட்கலாம். "ஐயா, உங்களுக்குப் பேர்பெற்ற வடிவம் கிடைத்தது, கண்டுபிடித்துவிட்டீர்கள். என் பெட்டியில் இருப்பது சாதாரண 10 அங்குல வட்ட ஓட்டை. அந்த அளவில் நூறு ஸ்பீக்கர் இருக்கிறதே, நான் எதை எடுப்பேன்?" நியாயமான கேள்வி. இங்கே கணக்கு கைகொடுக்கும்.

ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவர் 1961-இல், எந்த ஸ்பீக்கர் எந்தப் பெட்டியில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சில எண்களில் அடக்கிக் காட்டினார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் அதை விரிவுபடுத்தினார். மூன்று எண்கள் போதும். ஒன்று, கோனின் இயல்புச் சுருதி. இரண்டு, தட்டினால் அது எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்கிற எண், 'க்யூ' என்பார்கள். மூன்று, கோனின் தொங்கலுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்று எத்தனை லிட்டர் என்பது.

உதாரணம் சொல்கிறேன். உங்கள் பெட்டி எங்கும் மூடியது, உள்ளளவு 50 லிட்டர். கையில் இருக்கும் ஸ்பீக்கரின் இயல்புச் சுருதி 30 ஹெர்ட்ஸ், அதன் காற்றளவு 100 லிட்டர். நூறை ஐம்பதால் வகுத்தால் 2, ஒன்று கூட்டினால் 3, அதன் வர்க்கமூலம் 1.73. பெட்டிக்குள் போனதும் சுருதி 1.73 மடங்கு ஏறி 52 ஹெர்ட்ஸ் ஆகும். அடங்கும் எண்ணும் அதே மடங்கு ஏறும். வெளியே 0.4 என்றிருந்தால் உள்ளே 0.69. மூடிய பெட்டிக்கு ஏற்ற எண் 0.7-ஐ ஒட்டித்தான் இருக்கிறது, ஆகவே பொருத்தம் பிரமாதம்! அதே பெட்டியில், அதே அளவு ஓட்டையில், 0.7 உள்ள இன்னொரு ஸ்பீக்கரை வைத்தால்? 1.21-க்குப் போய்விடும். ஒவ்வொரு அடியும் 'பூம் பூம்' என்று இழுத்துக்கொண்டே நிற்கும். ஓட்டை ஒன்றுதான், திருகு ஒன்றுதான், ஆனால் ஒன்று இசை, இன்னொன்று இரைச்சல்.

பழைய ஸ்பீக்கர்களுக்கு இந்த எண்கள் பெரும்பாலும் அச்சில் இல்லை. இந்தக் கணக்கு பரவுவதற்கு முன்பே அவை பிறந்துவிட்டன. நாம்தான் அளக்க வேண்டும். பயப்படாதீர்கள். ஸ்பீக்கரோடு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் தொடராகச் சேர்த்து, செல்போனிலிருந்து ஒற்றைச் சுருதி ஒலியை ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கொடுத்து, கீழிருந்து மெல்ல மெல்ல ஏற்றுங்கள். மல்டிமீட்டரில் ஸ்பீக்கர் முனைகளின் வோல்ட் எந்த இடத்தில் உச்சிக்குப் போகிறதோ அதுவே இயல்புச் சுருதி.

அடுத்தது கோனின் எடை. கோனைப் பிய்த்துத் தராசில் வைக்க முடியாது. என்ன செய்வது? இங்கே நம் மிருதங்க வித்துவானைக் கும்பிட வேண்டும்! கச்சேரிக்கு முன் அவர் ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்புகிறாரே, எதற்கு? எடை கூடினால் சுருதி இறங்கும் என்பதற்கு. இதையேதான் ஒலிப் பொறியாளர்களும் செய்கிறார்கள். குழந்தைகள் விளையாடும் களிமண் 20 கிராம் எடுத்துக் கோனின் நடுவில் வளையமாக ஒட்டுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். 28 ஹெர்ட்ஸாக இருந்தது 23-க்கு இறங்கினால், கோனின் எடை ஏறக்குறைய 41 கிராம் என்று கணக்குச் சொல்லிவிடும். எடை தெரிந்தால் நெகிழ்வு தெரியும், நெகிழ்வும் கோனின் பரப்பும் தெரிந்தால் காற்றளவு தெரியும். தொப்பியில் ரவை வைக்கத் தெரிந்த நமக்கு இது புதிய வித்தையா என்ன?

எண்கள் பொருந்திவிட்டன என்று உடனே காசை எடுக்காதீர்கள். பழைய ஸ்பீக்கர் வயதான உடம்பு. கை வைத்துப் பார்க்க வேண்டும்.

கோனின் விளிம்பை முதலில் தொடுங்கள். துணி விளிம்பு என்றால் நல்லது, மடிப்புக் காகிதம் என்றாலும் நல்லது, ரப்பர் பெரும்பாலும் தாங்கும். நுரை என்றால் கவனம்! பாலியூரிதேன் நுரை காற்றின் ஈரத்திலேயே உருக்குலைந்துவிடும். ஒருமுறை வார்ஃப்டேல் 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் விளிம்பில் கட்டைவிரலை வைத்தேன். வெல்லப்பாகில் நனைந்த தூளைப் போல விரலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் லேபிளில் 'எஃப்எஸ்' என்று இருந்தது. நுரை விளிம்பு என்று பொருள். 'சிஎஸ்' என்று இருந்தால் துணி. இரண்டு எழுத்தைப் படித்திருந்தால் பயணச் செலவு மிச்சம். நுரை போனாலும் மனம் தளர வேண்டாம், புது விளிம்பு ஒட்டலாம். நம் ஊரில் திருவிழா ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றி, காயில் சுற்றித் தருகிறவர்களின் கைநேர்த்தி இதற்குப் போதும்.

அடுத்து, இரு கை விரல்களாலும் கோனைச் சமமாக மெல்ல அழுத்தி விடுங்கள். காதைக் கிட்டே வையுங்கள். சத்தமே வரக் கூடாது. உப்புத்தாள் உரசுகிற மாதிரி 'சர்ர்' என்றால் காயில் காந்த இடுக்கில் தொடுகிறது. பல வருஷம் ஒரே வாக்கில் நின்ற ஸ்பீக்கரின் கோன் தன் எடையிலேயே தொய்ந்திருக்கும். சில சமயம் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினாலே சரியாகிவிடும்.

பிறகு மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 காட்டும். பழைய பிரிட்டிஷ் ஸ்பீக்கர்களில் பல 15 ஓம், அவை 10-லிருந்து 12 வரை காட்டும். வால்வு ஆம்ப்ளிஃபையர்களில் அதற்கென்றே 15 ஓம் முனை இருந்தது. இன்றைய ட்ரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையரில் போட்டால் கெடாது, 8 ஓமில் கிடைப்பதில் பாதி வாட்தான் கிடைக்கும். பிலிப்ஸ் வால்வு ரேடியோக்கள் சிலவற்றில் 800 ஓம் ஸ்பீக்கர் இருந்தது. பார்க்க அழகு, காந்தம் அருமை, ஆனால் சாதாரண ஆம்ப்ளிஃபையரில் முணுமுணுக்கும், அவ்வளவுதான். சென்னை ரிச்சி தெருவிலோ வாரச் சந்தையிலோ அப்படி ஒன்று கிடைத்தால் மீட்டர் வைக்காமல் வாங்காதீர்கள்.

ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு, கோன் எந்தப் பக்கம் நகர்கிறது என்றும் பாருங்கள். சிவப்பு முனையில் பாசிட்டிவ் கொடுத்தால் முன்னே வர வேண்டும். பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர்களில் இது தலைகீழ், பின்னே போகும். ஜோடியில் ஒன்று முன்னே, ஒன்று பின்னே போனால் கீழ்ச்சுருதிகள் ஒன்றையொன்று தின்றுவிடும்.

காந்தத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. பழையவற்றில் அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த அல்நிகோ காந்தம் இருக்கும். 1978-இல் அன்றைய ஜயர் நாட்டின் ஷாபா பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை ஏறியபோது கம்பெனிகள் ஃபெரைட் காந்தத்துக்கு இன்னும் வேகமாக மாறின. அல்நிகோவைச் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றிவிடாதீர்கள். பிரித்த மாத்திரத்தில் வலுவை இழக்கும்.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். என் நண்பர் ஒருவர் பிரிக்ஸ் முறையில் செய்த பழைய ஸ்பீக்கர் பலகை ஒன்றை, அறை மூலையில் நிறுத்துவதை, வாங்கினார். அதில் 12 அங்குல ஓட்டை. அவருக்கோ டானாய் 15 அங்குல ஸ்பீக்கர் கிடைத்தது. டானாய் டூயல் கான்சென்ட்ரிக் 1947-இலிருந்து புகழோடு வருகிற ஸ்பீக்கர், ஒரே கோனின் நடுவிலேயே ட்வீட்டரும் இருக்கும். யார்தான் விடுவார்? ஓட்டையைப் பெரிதாக்க ரம்பத்தை வைத்தார். இரண்டு அங்குலம் அறுபட்டதும் பலகையின் வெட்டுவாயிலிருந்து மணல் கொட்டத் தொடங்கியது. மூட்டையில் குத்தூசி போட்டால் அரிசி கொட்டுமே, அதுபோல. பதறிக் கையால் பொத்தினார், நிற்கவில்லை. யாரோ ஒருவர் சலித்து, காயவைத்து, இரண்டு பலகைக்கு நடுவே நிறைத்த மணல் அத்தனையும் கம்பளத்தில் குவிந்தது. பிறகு அந்தப் பலகையைத் தட்டினால் தகர டப்பா ஓசை. பலகையும் போயிற்று, டானாய்க்கும் அது இடமில்லை என்றாயிற்று.

ஆகவே வெட்டாதீர்கள். ஓட்டை பெரிது, ஸ்பீக்கர் சின்னது என்றால் ப்ளைவுட் வளையம் செய்து பொருத்துங்கள். நாளைக்கு அதைக் கழற்றலாம். ஓட்டை சின்னது என்றால் வேறு ஸ்பீக்கர் தேடுங்கள். ஒரு பெட்டிக்காக இன்னொரு முழுப் பெட்டியைக் கொல்லவும் வேண்டாம். நல்ல நிலையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும் பழைய ஜோடியைப் பிரித்து ஸ்பீக்கரை உருவி விற்கிறவர்களிடம் நான் வாங்குவதில்லை.

என் கதைக்கு வருகிறேன். பி139 ஜோடி கிடைக்க 11 மாதம் ஆயிற்று. ஒன்றில் நுரைப்பலகையின் பசை விட்டிருந்தது, ஒட்டினேன். பி110-உம் ட்வீட்டரும் தனித்தனியாக வந்தன. கம்பளியை வெளியே எடுத்து, வெயில் கண்ட ஒரு நாளில் உதறி, பூச்சி பார்த்து, கற்றை கற்றையாகப் பிரித்து மறுபடி வைத்தேன். பி139-ஐ ஓட்டையில் இறக்கினேன். நான்கு தோள்பட்டையும் மூடிற்று. பழைய திருகுத் துளைகளிலேயே திருகு இறங்கிற்று. எந்தச் சுருதி எந்த ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரை மட்டும் பழைய வரைபடங்களைப் பார்த்து நானே கட்டினேன்.

அந்த அம்மையாருக்குப் போன் செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கையில் அவர் கணவரின் இசைத்தட்டு ஒன்று, பிராட்ஃபோர்டுக்கு மேலே குன்றின் மீதிருக்கும் குவீன்ஸ்பரியின் பிளாக் டைக் மில்ஸ் பித்தளை வாத்தியக் குழு வாசித்தது. போட்டேன். கீழ்ச்சுருதிப் பெரிய வாத்தியங்கள் தரையிலிருந்து எழுந்து வந்தன. அம்மையார் கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பக்கம் முடிந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் வைத்திருந்தபோது மேலே இவ்வளவு கூர்மை இருக்காது."

கைப்பையைத் திறந்தார். துருப்பிடித்த புகையிலை டப்பா ஒன்றை எடுத்தார். வீடு மாறும்போது அகப்பட்டதாம். உள்ளே கொஞ்சம் பித்தளைத் திருகுகள், நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தேன். பென்சிலில் போட்ட கிராஸ்ஓவர் படம். ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு ரெசிஸ்டர், அதன் பக்கத்தில் முதலில் எழுதிய எண்ணை அடித்து, வேறொன்று எழுதி, அதையும் அடித்து, மூன்றாவதாக ஒன்றை எழுதிச் சுற்றி வட்டம் போட்டிருந்தார். நான் கட்டியதில் அந்த ரெசிஸ்டரே இல்லை.

அம்மையாருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, சாலிடரிங் அயர்னைச் சூடாக்கினேன். அவர் போவதற்குள் அதை வைத்து, அந்த இசைத்தட்டின் முதல் பக்கத்தை மறுபடி போட்டோம்.